பெயிண்டர் விழுகிற சத்தம்

மார்ச் 3

மாண்புமிகு நிபுணர் குழு உறுப்பினர் அக்காவுக்கு,

இரண்டு முறை போன் போட்டேன். முதல் முறை என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டாய். அடுத்த முறை மாமா எடுத்து, "உங்க அக்கா வீட்ல இல்லைன்னு சொல்லச் சொன்னா" என்றார். நல்ல மனிதர், இத்தனை வருஷம் உன்னோடு குடித்தனம் பண்ணியும் பொய் சொல்லப் பழகவில்லை. அதனால் எழுதுகிறேன். கடிதத்தைக் கிழித்துப் போடுவதானாலும் முதலில் நீ பிரித்தாக வேண்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். 'ஏணியும் ஆடும்' என்று ஒரு கார்ட்டூன். ஒரு பெயிண்டர் சுவருக்குப் பெயிண்ட் அடிக்க ஏணியில் ஏறுகிறார், ஒரு ஆடு அவரை ஏற விடுவதில்லை. மொத்தக் கதையே அவ்வளவுதான். இது ஆறு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கு ஏற்றதல்ல என்று உங்கள் குழு தீர்ப்பு சொல்லியிருக்கிறது. கீழே மூன்று கையெழுத்து. நடுவில் இருந்தது கோழி கிளறின மாதிரி இருந்தது. பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அப்பாவுக்குத் தெரியாமல் என் ரேங்க் கார்டில் நீ போட்டுக் கொடுப்பாயே, அதே கையெழுத்து.

அந்தக் கார்ட்டூனுக்குச் சத்தம் போடுகிறவன் நான் அக்கா. பெயிண்டர் வழுக்குகிற சத்தம், விழுகிற சத்தம், ஆடு உதைக்கிற சத்தம், எல்லாம் இந்தக் கை செய்தது. கடைசியில் பெயர் போடும்போது என் பெயரும் வருகிறது. நிபுணர்கள் அதற்குள் டீ குடிக்க எழுந்து போயிருப்பீர்கள்.

உங்கள் அறிக்கையை எங்கள் டைரக்டர் சத்தமாகப் படித்தார். "பெயிண்டர் ஐந்தாவது நிமிடத்தில் இறந்துவிடுகிறார். பின்னர் எந்த விளக்கமும் இன்றி உயிரோடு வருகிறார். அவருடைய குடும்பத்தாரின் நிலை காட்டப்படவில்லை." யார் எழுதியது இதை? பெயிண்டருக்குக் குடும்பம் இருப்பதாக உங்களுக்கு யார் சொன்னது? ஆட்டைக் கூப்பிட்டு விசாரித்தீர்களா?

எங்களுக்கு இது விளையாட்டு இல்லை. சின்னக் குழந்தைகளுக்கு ஏற்றது என்று நீங்கள் கொடுக்கிற சான்று இல்லாவிட்டால் காலை நேரத்தில் ஒளிபரப்ப முடியாது. காலையில் வராத கார்ட்டூனை எந்த சேனலும் வாங்காது. ஏப்ரல் பாதிக்குள் முடிவு தெரியாவிட்டால் ஸ்டுடியோவை இழுத்து மூட வேண்டியதுதான். மறுபரிசீலனைக்கு மனு போட்டிருக்கிறோம். இந்தத் தடவையாவது கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு பாருங்கள்.

இப்படிக்கு,
ஆட்டின் சார்பில்,
உன் தம்பி


மார்ச் 9

தம்பிக்கு,

மாமாவை இதில் இழுக்காதே. அவர் உன் கடிதத்தைப் படித்துவிட்டுச் சிரித்தார், அதற்கு வாங்கிக் கட்டிக்கொண்டார்.

நான் தேடி அலைந்து வாங்கிக் கொடுத்த வேலையை மூன்று வருஷத்துக்கு முன்னால் உதறிவிட்டு, தகர டப்பாவைத் தட்டிப் பிழைக்கப் போகிறேன் என்று கிளம்பியவன் நீ. போகிற போக்கில் என் பாலர் பள்ளியை "பிள்ளைங்களை வரிசையா நிக்கவச்சு பொம்மையாக்குற இடம்" என்று சொல்லிவிட்டுப் போனாய். அந்த வாய்க்கு இன்று என் கையெழுத்து தேவைப்படுகிறது. நல்லது.

நீ எந்த டப்பாவை எந்தக் கார்ட்டூனுக்குத் தட்டுகிறாய் என்று தெரிந்துவைத்துக்கொள்வது என் வேலை இல்லை. உன் கடிதம் வந்த பிறகுதான் எனக்கே தெரியும். தெரிந்த அன்றே குழுத் தலைவரிடம் போய், "டாக்டர், இதுக்குச் சத்தம் போட்டது என் கூடப் பிறந்த தம்பி, நான் விலகிக்கிறேன்" என்று சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எந்தச் சத்தம் டீச்சர்? நாமதான் சத்தமே வைக்கலையே?" என்றார்.

உண்மைதான். எங்கள் குழு எப்போதும் சத்தத்தை அணைத்துவிட்டுத்தான் பார்க்கும். இசையும் கோமாளிச் சத்தமும் சேர்ந்தால் பெரியவர்களுக்கே புத்தி மழுங்கிவிடுகிறது. அடி அடியாகத் தெரிய வேண்டுமென்றால் படத்தை மட்டும் பார்க்க வேண்டும். இது டாக்டர் கொண்டுவந்த முறை, எனக்கும் சரியென்றுதான் படுகிறது. ஆகவே உன் கைவண்ணம் எங்கள் காதுக்கே வரவில்லை. பாரபட்சம் காட்டினேன் என்று ஒருவரும் என்னைச் சொல்ல முடியாது.

அந்த மௌனத்தில் நான் பார்த்ததைச் சொல்கிறேன், கேட்டுக்கொள். ஒரு மனிதன் உழைக்கப் பார்க்கிறான். அவனைத் தள்ளுகிறார்கள். அவன் தலையில் வாளி விழுகிறது. ஏணி அவன் முதுகில் ஒடிகிறது. அவன் எழுந்திருக்கிறான், மறுபடியும் உதை வாங்குகிறான். இதை நாலு பேர் கூடி உட்கார்ந்து தயாரிக்கிறீர்கள். வெட்கமாக இல்லையா?

அக்கா


மார்ச் 12

அக்காவுக்கு,

கடிதத்தைப் படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டேன். நல்ல சத்தம் வந்தது. பதிவு பண்ணி வைத்திருக்கலாம்.

சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்த்தீர்களா? இதைப் பெருமையாக வேறு எழுதுகிறாயா? ஏன், டிவியையும் அணைத்துவிட்டுப் பார்த்திருக்கலாமே, இன்னும் தீர்க்கமாகத் தெரிந்திருக்கும். உங்கள் குழுவில் மூன்றாவதாக ஒரு ரிட்டயர்டு அதிகாரி இருக்கிறாரே, அவர் தூக்கம் கலையக் கூடாது என்பதற்காக வந்த முறை இது. அதற்கு டாக்டர் ஒரு தத்துவத்தை மாட்டிவிட்டிருக்கிறார், நீயும் தலையாட்டியிருக்கிறாய். குடும்பத்தாரின் நிலை காட்டப்படவில்லையாம்! இப்போதுதான் புரிகிறது. நீங்கள் மூன்று பேரும் ஒரு கொலையைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறீர்கள்.

சத்தம் இல்லாவிட்டால் அது கொலைதான் அக்கா. ஒரு ஆள் ஏணியிலிருந்து விழுந்து அசையாமல் கிடந்தால் வேறு என்ன? அது கொலை இல்லை, விளையாட்டு என்று பிள்ளைக்குச் சொல்கிறது என் சத்தம் ஒன்றுதான். விழும்போது ஒரு ஊதல் கீழே இறங்கிக்கொண்டே வரும். தரையைத் தொட்டதும் ஒரு டொய்ங். மேஜை விளிம்பில் ஸ்டீல் ஸ்கேலை வைத்து விரலால் தட்டினால் வருமே, அதுதான். அதைக் கேட்டதும் மூன்று வயசுப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்துவிடும், பெயிண்டர் மாமாவுக்கு வலிக்கவில்லை என்று. படித்த மூன்று பேருக்குத் தெரியவில்லை, ஏனென்றால் அவர்கள் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

நிஜ அடி எப்படிச் சத்தம் போடும் என்று எனக்குத் தெரியாதா? உனக்கும் தெரியும். அப்பா பெல்ட்டைக் கழற்றினால் பக்கத்து அறையிலிருந்து நீ கேட்டுக்கொண்டுதானே இருந்தாய். அந்தச் சத்தத்தை நான் ஒருநாள்கூட என் மைக்குக்கு முன்னால் விட்டதில்லை. இனியும் விட மாட்டேன்.

ஒழுங்காகச் சத்தம் வைத்து, பிள்ளைகளை உட்காரவைத்துப் பாருங்கள். அதற்கப்புறமும் கூடாது என்றால் நான் வாயைத் திறக்க மாட்டேன். செய்வீர்களா, இல்லை, டாக்டருக்குத் தலைவலி வருமா?

தம்பி


மார்ச் 20

தம்பிக்கு,

டாக்டருக்குத் தலைவலி வரும் என்றுதான் சொன்னார். ரிட்டயர்டு அதிகாரி, "எதுக்கு வீண் வேலை, மொதல்ல போட்ட கையெழுத்தே இருக்கட்டுமே" என்றார். நான்தான் விடாப்பிடியாக நின்றேன். உனக்காக என்று நினைத்துக் குளிர்ந்துபோகாதே. கேட்காமலே தீர்ப்புச் சொன்னவள் என்று நாளைக்கு நீ ஊரெல்லாம் தம்பட்டம் அடிப்பாய், அந்தப் பேச்சுக்கு இடம் கொடுக்க மாட்டேன்.

என் பள்ளியிலேயே, என் வகுப்பறையிலேயே போட்டுக்காட்டப் போகிறோம். நாலு வயது, ஐந்து வயதுப் பிள்ளைகள். முழுச் சத்தத்தோடு. டாக்டரும் அதிகாரியும் பின்னால் நாற்காலி போட்டு உட்காருவார்கள். கூடவே டாக்டரின் உதவியாளர், குறிப்பு எடுக்க. நான் எப்போதும்போல் பிள்ளைகளோடு நிற்பேன்.

நீ வரக் கூடாது. உன் மூஞ்சியைப் பார்த்தால் பிள்ளைகள் தானாகவே சிரித்துவிடும்.

அக்கா


மார்ச் 23

அக்காவுக்கு,

வரவில்லை. எனக்கும் வேறு வேலை இருக்கிறது, வேலை போவதற்குள் செய்துவிட வேண்டிய வேலை.

ஒன்றே ஒன்று. டிவியின் ஸ்பீக்கர் பின்பக்கமாக இருந்தால் சுவரை ஒட்டி வைக்காதே, சத்தமெல்லாம் சுவருக்குள் போய்விடும். ஜன்னலைச் சாத்து. ஃபேன் கடகடவென்று ஆடுமானால் அதை நிறுத்து. மூன்றாவது எபிசோடில் ஆடு பிரஷ்ஷைத் தின்றுவிட்டு விக்கும், அது ரொம்ப மெல்லிய சத்தம். சும்மா சொல்லி வைக்கிறேன். உனக்கு இதெல்லாம் எங்கே காதில் ஏறப் போகிறது.

தம்பி


ஏப்ரல் 2

தம்பிக்கு,

ஸ்பீக்கரைத் திருப்பி வைத்தேன். ஜன்னலைச் சாத்தினேன், ஃபேனை நிறுத்தினேன். வேர்த்துக் கொட்டியது. அந்தக் குறை உனக்கு வேண்டாம்.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

முதல் உதையிலேயே பிள்ளைகள் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். நீ சொன்னது ஒன்று சரி, ஒரு பிள்ளைகூட பயப்படவில்லை. "பெயிண்டர் மாமாக்கு வலிக்குதா?" என்று கேட்டேன். "வலிக்கல மிஸ், டொய்ங் வந்துச்சே!" என்று கத்தினார்கள். டாக்டர் அதைக் குறித்துக்கொண்டார். இரண்டாவது எபிசோடு முடிகிறபோது ரிட்டயர்டு அதிகாரியே, "இதுல என்னங்க இருக்கு, குடுத்துத் தொலைப்போம்" என்றார். ஆக, அதுவரைக்கும் உன் பக்கம்தான் காற்று.

மூன்றாவது ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் வகுப்பில் ஒருவன் இருக்கிறான், எந்நேரமும் ஓடிக்கொண்டே இருப்பதால் எல்லோரும் ரயில் என்று கூப்பிடுவோம். முரடன் இல்லை. எறும்பைக்கூட ஒதுங்கித் தாண்டுகிற பிள்ளை. அவன் எழுந்துபோய் அலமாரியிலிருந்து ஒரு மரக்கட்டையை எடுத்திருக்கிறான். அடுக்கி விளையாடுகிற கட்டை, செங்கல் அளவு இருக்கும். பக்கத்தில் பட்டாணி உட்கார்ந்திருந்தாள், வகுப்பிலேயே சின்னவள், அவனுடைய சிநேகிதி. அவள் நெற்றியில் ஒரு போடு போட்டான்.

அவள் வீரிட்டாள். அவன் ஓடவில்லை. பயப்படவும் இல்லை. அவள் தலைப்பக்கம் காதைக் கொண்டுபோய் வைத்துக் கேட்டான். அப்புறம் மறுபடியும் அதே இடத்தில் அடித்தான். நான் போய்க் கட்டையைப் பிடுங்குவதற்குள் ரத்தம் கண்ணுக்குள் இறங்கிவிட்டது. அவன் என்னை நிமிர்ந்து பார்த்து, குறை சொல்கிற மாதிரிச் சொன்னான்: "மிஸ், இவ கிட்ட சத்தம் வரல."

தையல் போட்டார்கள். கண் தப்பித்தது. டாக்டர் பக்கத்திலேயே இருந்ததால் உடனே பார்த்தாயிற்று.

நீ போட்டது நல்ல சத்தம்தான். அது வந்தால் வலிக்காது என்று அவ்வளவு நன்றாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறாய். முதல் அடியில் அது வரவில்லை என்றதும், தான் சரியாக அடிக்கவில்லை என்று நினைத்து இன்னொரு தரம் அடித்திருக்கிறான். மௌனமாகப் பார்த்திருந்தால் பயந்தாவது இருப்பான்.

ஆறு வயதுக்குக் கீழே கூடாது என்றுதான் நான் எழுதப் போகிறேன். மற்ற இரண்டு பேரும் என்ன எழுதுவார்கள் என்று தெரியாது.

அக்கா


ஏப்ரல் 6

அக்காவுக்கு,

பிள்ளைக்கு அடிபட்டதற்கு எனக்கு வருத்தம்தான், கல் இல்லை நான். ஆனால் ரயில் கட்டையை எடுத்ததற்கு என் கழுத்தில் கயிறு மாட்டுகிறாயே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

பிள்ளைகள் அடித்துக்கொள்வது என் ஸ்கேல் வந்த பிறகா ஆரம்பித்தது? நம் வீட்டில் டிவியே கிடையாது. நீ என் மண்டையில் காம்பஸ் டப்பாவால் போட்டதை எந்த ஆட்டைப் பார்த்துக் கற்றுக்கொண்டாய்? நாளைக்கு உன் ரயில் ஜன்னலில் ஏறிக் குதித்தால், பறவைகள் ஆறு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு ஏற்றதல்ல என்று எழுதுவீர்களா? செங்கல் அளவு கட்டையை நாலு வயசுப் பிள்ளை கைக்கு எட்டும்படி அலமாரியில் வைத்தது யார்? உன் பள்ளிக்கூடம். அந்தக் கட்டைக்கு எந்தக் குழு சான்று கொடுத்தது?

ஆறு வயதுக்கு மேலே பார்க்கலாமாம். ஆறு வயசுப் பிள்ளை இதைப் பார்த்து, "ஐயே, பாப்பா கார்ட்டூன்" என்று சொல்லிவிட்டுப் போய்விடும். இது நாலு வயசுக்காகச் செய்தது. அவர்கள் சிரித்தார்கள் என்று நீயே எழுதியிருக்கிறாய். ஒரு அறை முழுக்கச் சிரித்ததை ஒரு கட்டை வந்து அழித்துவிடுமா?

எனக்குத் தெரியும் உன்னை. அத்தனை பிள்ளைகளும் விழுந்து விழுந்து சிரிக்கும்போது நீ அந்த மூலையில் பிரம்பு விழுங்கின மாதிரி நின்றுகொண்டு, எப்போது எது உடையும் என்று காத்துக்கொண்டிருந்திருப்பாய். உடைந்தது. உனக்குத் திருப்தி. வாழ்க்கையில் ஒருமுறை வாய்விட்டுச் சிரித்திருந்தால் உனக்கு இந்த வேலை கொடுத்திருக்க மாட்டார்கள். சிரிப்பே வராத ஆளிடம் சிரிப்பை நிறுக்கக் கொடுத்தால் இப்படித்தான்.

எழுது. கூடாது என்றே எழுது. அந்தக் கோழிக் கிளறலை இன்னொரு தரம் போடு. இனி உனக்கு என்னிடமிருந்து கடிதம் வராது.

தம்பி


ஏப்ரல் 11

தம்பிக்கு,

முடிவு இன்று கையெழுத்தாகிவிட்டது. டாக்டர் கொடுக்கலாம் என்றார், அதிகாரி கொடுக்க வேண்டாம் என்றார். அதற்குக் காரணம் கொள்கை இல்லை, பட்டாணியின் அப்பாவுக்குப் பெரிய இடத்தில் ஆள் இருப்பதாகக் கேள்விப்பட்டிருக்கிறார். மூன்றாவது கை என்னுடையது. கூடாது என்று போட்டேன். சான்று கிடையாது.

கட்டையைப் பற்றி நீ கேட்டது நியாயம். எல்லாவற்றையும் எடுத்துவிட்டுப் பஞ்சு வைத்துத் தைத்தது வாங்கி வைத்துவிட்டேன். மற்றதெல்லாம் வாய்க்கொழுப்பு, அதற்குப் பதில் சொல்ல எனக்கு நேரம் இல்லை. ஒன்றுக்கு மட்டும் சொல்லியாக வேண்டும்.

பிரம்பு விழுங்கின மாதிரி நின்றேன் என்று எழுதியிருக்கிறாய். நின்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நான் சிரித்துக்கொண்டிருந்தேன். புன்னகை இல்லை, அடக்க முடியாத சிரிப்பு. அலமாரியைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டேன். மூச்சு முட்டியது, கண்ணில் தண்ணீர் வந்து ஒன்றும் தெரியவில்லை. அவன் எழுந்து வந்ததும், என் கைக்குப் பக்கத்திலிருந்தே கட்டையை எடுத்ததும், திரும்பிப் போனதும் எனக்குத் தெரியாது. பட்டாணி முதலில் வீரிட்டதுகூடச் சிரிப்பில் ஒன்று என்றுதான் நினைத்தேன். இரண்டாவது அடி விழுந்த பிறகுதான் கண்ணைத் துடைத்தேன். அவன் காதை வைத்துக் கேட்டதெல்லாம் உதவியாளர் எடுத்த குறிப்பைப் பார்த்து உனக்கு எழுதியது.

இருபது வருஷமாகப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறவள் நான். என்னையே அப்படி ஆக்கிவிட்டாய். எனக்கே அப்படி என்றால் நாலு வயதில் அவன் என்ன செய்வான்? அதனால்தான் கூடாது என்றேன். அறிக்கையில் அதையும் சேர்த்தே எழுதியிருக்கிறேன், "அப்போது உறுப்பினர் சிரித்துக்கொண்டிருந்தார்" என்று. டாக்டர், "இதெல்லாம் எதுக்கு டீச்சர், அடிச்சுடுங்க" என்றார். அடிக்கவில்லை. பட்டாணியின் அம்மாவும் படிப்பாள். படிக்கட்டும்.

உன் வேலை போனதற்கு என்னைத் திட்டு. வாங்கிக்கொள்கிறேன். கடிதம் போட மாட்டேன் என்று மட்டும் சொல்லாதே, அந்த மாதிரி நாடகம் எல்லாம் உனக்கு வராது.

அக்கா


ஏப்ரல் 15

அக்காவுக்கு,

ஸ்டுடியோவை மூடியாகிவிட்டது. டைரக்டர் சாவியைக் கட்டிடக்காரரிடம் கொடுத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டார். நீ செய்தது சரி என்று நான் எழுதுவேன் என்று எதிர்பார்க்காதே. உங்கள் குழு ஒரு முட்டாள் கூட்டம், அதில் நீயும் ஒரு ஆள், இதில் எனக்கு எந்த மாற்றமும் இல்லை.

பட்டாணிக்குத் தையல் பிரித்தாயிற்றா? தழும்பு தெரிகிறதா?

உன் கடிதத்தை மூன்று நாளாகக் கையில் வைத்துக்கொண்டு திரிகிறேன். சட்டைப் பையில் போட்டு, எடுத்து, மறுபடியும் படித்து, காகிதமே மடிப்பில் கிழிந்துவிட்டது. எல்லாவற்றையும் எழுதியிருக்கிறாய், கட்டை எங்கே இருந்தது, யார் எங்கே நின்றார்கள் என்றெல்லாம். முக்கியமானதை விட்டுவிட்டாய்.

எந்த இடத்தில் அக்கா? எந்தச் சத்தத்துக்குச் சிரித்தாய்?

தம்பி